நகம் நுழையும் இடைவெளி

துபாயில் பணிபுரியும் நம் பழைய மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு ஒரு புதிய கார் வாங்கினார். குடும்பத்தோடு ஏறிச் செல்லும் சாதாரணக் கார் அன்று. இருவர் மட்டுமே வசதியாக அமரக்கூடிய, தரையை ஒட்டித் தாழ்ந்து பாயும் ஸ்போர்ட்ஸ் கார். பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்து, தங்கைமார் இருவரைக் கரையேற்றி, வீட்டுக் கடனையும் அடைத்த பின்னர், தம் ஆசைக்கென்று அவர் செய்துகொண்ட முதற் செலவு அதுதான். வாங்கிய மூன்றாம் நாள் கைபேசி வழியே அவருடைய கடிதமும் இரண்டு நிழற்படங்களும் நமக்கு வந்து சேர்ந்தன.

"ஹஜ்ரத், இடப்பக்கத்து முன்விளக்குக்கும் அதன் கீழுள்ள பம்பருக்கும் இடையே விரல்நகம் தாராளமாக நுழைகிறது. வலப்பக்கத்தில் காகிதம்கூட நுழையவில்லை. விற்பனை நிலையத்தாரிடம் கேட்டால், தொழிற்சாலை அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கிறது என்கிறார்கள். நண்பர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். கிதாபின்படி இது ஐபா, இல்லையா? காரைத் திருப்பிக் கொடுக்க எனக்கு உரிமை உண்டா?"

உண்மையைச் சொல்வதானால், நமக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. பின்னர் சிறிது கோபமும் வந்தது. ஒழுகும் கூரையின் கீழ் உறங்குவோர் நம் தெருவிலேயே இருக்க, ஒரு நக அளவு இடைவெளிக்காக உறக்கம் இழப்பதா என்று கடுமையாக ஒரு பதில் எழுதத் தொடங்கினோம். பாதி எழுதியபின் நம் கை தயங்கிற்று. ஃபிக்ஹு நூல்களில் 'பைஉ' எனப்படும் விற்பனைப் பாடத்தை முப்பது ஆண்டுகளாக நடத்தி வருகிறோம். வாங்கியவன் செல்வனா, ஏழையா என்று அந்நூல்கள் எங்கும் கேட்கவில்லை. அவன் வாங்கிய பொருள் அவசியமானதா, ஆடம்பரமானதா என்றும் கேட்கவில்லை. கொடுத்த விலைக்கு உரிய பொருள் கிடைத்ததா என்பதே அங்கே கேள்வி. அவ்வாறிருக்க, ஒருவரின் வழக்கைச் சிரித்துத் தள்ள நமக்கு என்ன அதிகாரம்? எழுதியதை அழித்துவிட்டு, விஷயத்தை முறையாக ஆராயத் தலைப்பட்டோம்.

வாகனத் தொழில் அறிந்தவர்களிடம் விசாரித்தபோது முதலில் ஓர் உண்மை தெளிவாயிற்று. காரின் உடலில் இடைவெளி இருப்பது குறையன்று. இருந்தே தீர வேண்டும். முன்விளக்கு ஒருவகைப் பிளாஸ்டிக்கால் ஆனது. பம்பர் வேறொரு வகைப் பிளாஸ்டிக். பக்கத்திலுள்ள தகடு எஃகு அல்லது அலுமினியம். வெயிலில் இவை ஒரே அளவில் விரிவதில்லை. ஒரு மீட்டர் நீளமுள்ள எஃகு, 40 டிகிரி வெப்பம் கூடினால் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் நீளும். பம்பர் செய்யும் பிளாஸ்டிக் அதைப்போல் பல மடங்கு நீளும். இடைவெளியே இல்லாமல் இறுக்கிப் பொருத்தினால், வளைகுடாவின் கோடையில் ஒன்றையொன்று நெருக்கிச் சாயமும் உரியும், பொருளும் வளையும். எனவே இடைவெளி என்பது பொருளுக்குப் பொருள் விடுகின்ற மரியாதை என்றே சொல்லலாம்.

குறை என்பது இரு பக்கமும் ஒவ்வாதிருப்பதில் தொடங்குகிறது. ஒவ்வோர் உறுப்புக்கும் இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம் என்று தொழிற்சாலை ஒரு வரம்பு வைத்திருக்கும். விளக்கு தன் வரம்பின் ஓர் எல்லையிலும், பம்பர் தன் வரம்பின் மறு எல்லையிலும், அவற்றைத் தாங்கும் சட்டம் இன்னோர் எல்லையிலும் அமைந்துவிட்டால், தனித்தனியே ஒவ்வொன்றும் குற்றமற்றதாகவே இருக்கும். மூன்றும் சேருமிடத்தில் நகம் நுழையும். யாரும் தவறு செய்யாமலே தவறு நேர்ந்துவிடுவதை நம் குடும்பங்களிலும் ஜமாஅத்துகளிலும் நாம் கண்டதில்லையா? இத்தகைய குறையைத் திருகாணியைத் தளர்த்தி, விளக்கையும் பம்பரையும் சற்றே நகர்த்திச் சரிசெய்துவிடவும் கூடும்.

ஆனால் அதே இடைவெளி வேறொன்றையும் சொல்லக்கூடும். கப்பலிலிருந்து இறக்கும்போதோ, லாரியில் ஏற்றும்போதோ வண்டி எங்கேனும் இடித்திருக்கலாம். பம்பரைக் கழற்றித் தட்டிச் சீர்செய்து, சாயம் பூசி மாட்டியிருக்கலாம். அப்படியானால் நகம் நுழையும் அந்த இடம் ஓர் அடையாளம். அதற்கு உள்ளே ஒரு செய்தி இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகின்ற குறை சிறியதுதான். அது சுட்டுகின்ற குறை பெரியதாயிருக்கலாம்.

இனி மஸ்அலாவுக்கு வருவோம். பொருளையோ அதன் விலையையோ குறைத்து, வாங்குவோனின் முறையான நோக்கத்தைக் கெடுக்கக்கூடிய, அவ்வகைப் பொருளில் பொதுவாகக் காணப்படாத குறையே ஐபு என்பது இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' தருகின்ற விளக்கத்தின் சாரம். வணிகர் வழக்கத்தில் எது விலையைக் குறைக்குமோ அதுவே ஐபு என்று ஹனஃபீ நூல்கள் சுருக்கமாகக் கூறும். இரண்டும் நம்மை ஒரே இடத்திற்குத்தான் அழைத்துச் செல்கின்றன. குறையை அளப்பதற்கு மில்லிமீட்டர்க் கோல் போதாது. வாங்கியவனின் நோக்கத்தையும் சந்தையின் வழக்கத்தையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் எடுத்துரைக்கும் ஒரு நிகழ்ச்சி இங்கே நினைவுக்கு வருகிறது. ஒருவர் தம் ஒட்டகத்தை 300 திர்ஹத்திற்கு விற்றார். அருகே நின்ற நபித்தோழர் வாஸிலா (ரலி) அவர்கள் சற்றே கவனம் பிசகியிருந்த வேளையில், வாங்கியவர் ஒட்டகத்தை ஓட்டிச் சென்றுவிட்டார். உடனே வாஸிலா அவர்கள் பின்னால் ஓடிச் சென்று, "இதை இறைச்சிக்காக வாங்கினீரா, சவாரிக்காக வாங்கினீரா?" என்று வினவினார்கள். சவாரிக்கு என்றார் அவர். அதன் குளம்பில் ஓர் ஓட்டை உண்டு, நெடும்பயணம் தாங்காது என்று அன்னார் அறிவித்தார்கள். வாங்கியவர் திரும்பி வர, விற்றவர் 100 திர்ஹம் குறைத்துக்கொள்ள நேர்ந்தது.

அந்த முதற் கேள்வியைக் கவனியுங்கள். இறைச்சிக்காக வாங்கியிருந்தால் குளம்பின் ஓட்டை ஒரு பொருட்டே அன்று. சவாரிக்கென்றால் அதுவே பெருங்குறை. நம் மாணவர் வாங்கியது கீரைமூட்டை ஏற்றும் வண்டியாயிருந்தால், விளக்கின் ஓரத்து இடைவெளி எவருக்கும் பொருட்டன்று. அவரோ அழகுக்காகவும் நேர்த்திக்காகவும் கூடுதல் விலை கொடுத்தவர். நேர்த்திக்கு விலை வாங்கியவன், நேர்த்தி இல்லாதபோது 'ஓடுகிறதல்லவா?' என்று கேட்பது முறையாகாது. எனவே இரு பக்கமும் கண்ணுக்குத் தெரியும்படி ஒவ்வாதிருந்து, சந்தையில் அது விலையைக் குறைக்குமானால், அது ஐபுதான் என்றும், திருப்பித் தரும் உரிமை உண்டு என்றும் எழுதினோம். ஷாஃபியீ மத்ஹபின்படி குறையைக் கண்டவுடன் தாமதமின்றி அவ்வுரிமையைக் கோர வேண்டும். கண்ட பிறகும் உல்லாசமாக ஓட்டிக்கொண்டிருந்தால் உரிமை போய்விடும் என்றும் எச்சரித்தோம். எல்லாவற்றிற்கும் முன், இது தொழிற்சாலையிலேயே நேர்ந்ததா, இடையில் நேர்ந்ததா என்று விற்பனை நிலையத்தாரை வாய்விட்டுக் கேட்கும்படியும் சொன்னோம்.

ஏன் அவ்வாறு கேட்கச் சொன்னோம்? நபி பெருமானார் (ஸல்) அவர்கள் ஒருமுறை கடைவீதியில் ஒரு தானியக் குவியலைக் கடந்து செல்லும்போது அதனுள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இது என்ன என்று வினவியதற்கு, மழை நனைத்துவிட்டது என்றார் வணிகர். மக்கள் காணும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட பெருமானார், ஏமாற்றுபவன் நம்மைச் சார்ந்தவன் அல்லன் என்ற கருத்தையும் அங்கே அறிவித்தார்கள். இந்த ஹதீஸை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அதிலுள்ள ஒரு நுட்பத்தை மட்டும் பெரும்பாலும் கவனிப்பதில்லை. மழை பெய்ததற்காக அவ்வணிகர் கண்டிக்கப்படவில்லை. தானியம் நனைந்தது அவர் செயலன்று. ஈரத்தை உள்ளே தள்ளி, உலர்ந்ததை மேலே பரப்பினாரே, அது மட்டுமே அவர் செயல். குறை இறைவன் விதித்த மழையால் வந்தது. மறைப்பு மனிதன் கையால் வந்தது.

வெளித்தோற்றத்தைச் செப்பமாக்குவதற்கும் உள்ளே நேர்மையாயிருப்பதற்கும் இடையே எவ்வளவு தொலைவு இருக்கலாம் என்பதற்கு மோட்டார்த் தொழிலின் வரலாற்றிலேயே ஒரு பெரிய சான்று உண்டு. ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்திற்கு 1993 முதல் 2002 வரை தலைமை வகித்தவர் ஃபெர்டினாண்ட் பீயெக். கார்த் தகடுகளுக்கு இடையிலுள்ள இடைவெளி சீராகவும் சிறிதாகவும் இருக்க வேண்டும் என்பதில் அவருக்கு இருந்த பிடிவாதம் பெயர்பெற்றது. அமெரிக்க மோட்டார்த் தொழிலில் உயர்பதவிகள் வகித்த பாப் லட்ஸ் என்பார் 2015ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கட்டுரையில் ஒரு செய்தி சொல்கிறார். இத்துணை நேர்த்தியை எப்படிச் சாதித்தீர்கள் என்று லட்ஸ் கேட்டாராம். பொறியாளர்களையும் அதிகாரிகளையும் ஓர் அறைக்கு அழைத்து ஆறு வாரத் தவணை கொடுத்ததாகவும், அதற்குள் இடைவெளிகள் சீராகாவிட்டால் அத்தனை பேரையும் நீக்கிவிடுவதாகச் சொன்னதாகவும் பீயெக் விடையளித்தாராம். இடைவெளிகள் சீராகிவிட்டன. உலகம் வியந்தது.

பின்னர் நடந்தது என்ன? 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஓர் உண்மையை வெளியிட்டது. அந்நிறுவனத்தின் டீசல் கார்களில், சோதனை நடப்பதைத் தானே உணர்ந்துகொள்ளும் ஒரு கணினி நிரல் இரகசியமாக வைக்கப்பட்டிருந்தது. சோதனைக்கூடத்தில் புகையைக் கட்டுப்படுத்தும் கருவி ஒழுங்காக வேலை செய்யும். சாலைக்கு வந்ததும் அது தளர்ந்துவிடும். அனுமதித்த அளவைப்போல் 40 மடங்கு வரை நச்சுவாயு வெளிப்பட்டது. உலகெங்கும் ஏறக்குறைய 1 கோடியே 10 லட்சம் கார்களில் இந்த ஏற்பாடு இருந்தது. 2017இல் அமெரிக்க நீதிமன்றத்தில் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 430 கோடி டாலர் அபராதம் செலுத்த இசைந்தது.

அச்சுறுத்தி வேலை வாங்கும் அந்தப் பழக்கமே இந்த ஏமாற்றுக்கும் வித்திட்டது என்பது லட்ஸ் அவர்களின் கணிப்பு. அது முற்றிலும் சரியா என்று தீர்ப்பளிப்பது நம் வேலையன்று. ஆயினும் நாம் சிந்திக்க வேண்டியது ஒன்று உண்டு. தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையில் காகிதம் நுழையாதபடி செய்த ஒரு நிறுவனத்தில், சொல்லுக்கும் செயலுக்கும் இடையில் 40 மடங்கு இடைவெளி விழுந்திருந்தது. மேலே உலர்ந்த தானியம், உள்ளே ஈரம். குவியலின் வடிவம் மட்டும் மாறியிருக்கிறது. செய்யும் வேலையைச் செம்மையாகச் செய்வதை அல்லாஹ் விரும்புகிறான் என்று நாம் போதிக்கிறோம், அது உண்மையே. ஆனால் அச்சத்தால் பிறக்கின்ற செம்மை, கண்காணிப்பவர் பார்க்கும் இடத்தோடு நின்றுவிடும். இறைவன் பார்க்கிறான் என்ற உணர்வால் பிறக்கும் செம்மைதான் பம்பருக்கு உள்ளேயும் செல்லும்.

இரு வாரங்கள் கழித்து மாணவரின் இரண்டாம் கடிதம் வந்தது. விற்பனை நிலையத்தின் பணிமனையில் முதிய பிட்டர் ஒருவர் பம்பரைக் கழற்றிப் பார்த்தாராம். கழற்றியவுடனே, இது ஏற்கெனவே ஒருமுறை கழற்றி மாட்டப்பட்டது, பக்கத் தகட்டின் ஓரம் மறுபடி சாயம் பூசப்பட்டது என்று மறைக்காமல் சொல்லிவிட்டாராம். விசாரித்ததில், துறைமுகத்தில் இறக்கும்போது உரசியதைச் சீர்செய்து, சொல்லாமல் விற்றிருக்கிறார்கள் என்பது வெளிப்பட்டது. நிறுவனத்தார் வருத்தம் தெரிவித்து, காரைத் திரும்பப் பெறவும் இசைந்தனர். மாணவரோ, புதிய பம்பர் ஒன்றைச் செம்மையாகப் பொருத்தித் தந்தால் போதும் என்று, எல்லாம் அறிந்தே காரை வைத்துக்கொண்டார். இப்போது இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்கின்றன என்று மகிழ்ச்சியோடு படமும் அனுப்பியிருந்தார்.

அந்தப் பிட்டரின் பெயர் நமக்குத் தெரியாது. எந்த மதத்தவர், எந்த நாட்டவர் என்றும் தெரியாது. தம் முதலாளியின் முகம் சுளிக்கும் என்று தெரிந்தும் உண்மையைச் சொன்ன அவரே, ஒட்டகத்தின் பின்னால் ஓடிய வாஸிலா (ரலி) அவர்களின் வழியில் சிறிது தூரம் நடந்தவர் என்று நாம் எண்ணினோம்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டோம். அண்மையில் மூன்றாம் கடிதம் வந்தது. திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, இருவர் அமரும் கார் இனி உதவாது, விற்கப்போகிறார். "ஹஜ்ரத், பழுது முற்றிலும் சீராகிவிட்டது. எவர் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. மறுசாயம் பூசிய கார் என்று சொன்னால் விலை வெகுவாகக் குறைந்துவிடும். சொல்லத்தான் வேண்டுமா?"

படித்ததும் நம் நெஞ்சு கனத்தது. நகம் நுழையும் இடைவெளிக்காக உறக்கம் இழந்தவர் இவரேதான். வாங்கும்போது நம் கண்ணுக்கு உருப்பெருக்கும் கண்ணாடி முளைக்கிறது. விற்கும்போது அதே கண்ணில் புரை விழுந்துவிடுகிறது. இது அவர் ஒருவருக்கு மட்டும் உரிய நோயன்று. பெண் பார்க்கப் போகிறவர்கள், வீடு வாங்கப் போகிறவர்கள், எல்லோரிடமும் உள்ளது. அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, அளந்து கொடுக்கும்போது குறைப்பவர்களுக்குக் கேடு என்று திருமறையின் 83ஆம் அத்தியாயம் தொடங்குகிறதே, அங்கே கண்டிக்கப்படுவது இந்த இரட்டை அளவுதான்.

அவருக்கு நாம் எழுதிய பதிலின் சுருக்கம் இது: "விலை குறையும் என்பதற்காகவே சொல்லத் தயங்குகிறீர். சொன்னால் விலை குறையும் என்றால், வணிகர் வழக்கத்தில் அது ஐபு என்பதற்கு உம் தயக்கமே சாட்சி. வேறு ஃபத்வா எதற்கு? வாங்குபவர் முஸ்லிமாயினும் பிற சமயத்தவராயினும் ஏமாற்று ஹராமே. சொல்லி விற்பீராக."

எழுதுவது எளிது, செய்வது எளிதன்று. எல்லோரும் மறைக்கின்ற சந்தையில் ஒருவர் மட்டும் உண்மை பேசினால் அவருக்கு இழப்புத்தானே என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஜரீர் (ரலி) அவர்கள் தாம் விற்கும் பொருளின் குறைகளை வாங்குவோருக்குக் காட்டிவிட்டு, விரும்பினால் எடும், இல்லையேல் விடும் என்பார்களாம். இப்படிச் செய்தால் உமக்கு வியாபாரமே நடக்காதே என்று மக்கள் சொன்னபோது, முஸ்லிம்கள் அனைவருக்கும் நலம் நாடுவதாகப் பெருமானாரிடம் உறுதிமொழி அளித்திருப்பதாக விடை பகர்ந்தார்கள். இழப்பே நேராது என்று அவர்கள் வாதிடவில்லை என்பதை நாம் நோக்க வேண்டும். துணி வணிகரான இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கூட்டாளி, குறையுள்ள ஒரு துணியை மறதியாகக் குறையைச் சொல்லாமல் விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்று தெரியாததால், இமாமவர்கள் அந்தச் சரக்கின் விலை முழுவதையும் தருமம் செய்துவிட்டதாக வரலாறு கூறுகிறது. நேர்மைக்கு விலை உண்டு என்பதை அப்பெரியோர் அறிந்திருந்தனர்; அறிந்தே அதைக் கொடுத்தனர். வாங்குவோரின் பொருளையும் தன் பொருளாகக் கருதும் வணிகனையே நம் வள்ளுவரும் நடுவுநிலைமைக்கு எடுத்துக்காட்டாக வைத்தார்.

மாணவருக்குப் பதில் அனுப்பிய அன்றிரவு நமக்கும் உறக்கம் பிடிக்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், ஓர் ஊர்ப் பள்ளிவாசலார் இமாம் பணிக்கு ஒருவரைக் கேட்டு நமக்கு எழுதினர். நம்மிடம் ஓதிய ஓர் ஏழை மாணவருக்கு அவ்விடம் கிடைக்கட்டும் என்று பரிந்துரைக் கடிதம் கொடுத்தோம். அவருடைய ஓதலில் சில எழுத்துகளின் உச்சரிப்பு இன்னும் திருந்தவில்லை என்பது நமக்குத் தெரியும். அதைக் கடிதத்தில் எழுதவில்லை. இரக்கத்தால் விட்டோம் என்று அன்று நம்மைத் தேற்றிக்கொண்டோம். ஆறு மாதத்தில் ஊரார் கண்டுகொண்டனர். மாணவர் மனம் நொந்து திரும்பினார். குறையைச் சொல்லி, இன்னும் சில மாதம் அவகாசம் கேட்டிருந்தால் இருசாராரும் பிழைத்திருப்பர். உலர்ந்த தானியத்தை மேலே பரப்பியவர்களின் வரிசையில் நமக்கும் ஓர் இடம் இருக்கிறது.

திருமறையின் 67ஆவது அத்தியாயமான அல்முல்க்கின் தொடக்கத்தில், அருளாளனின் படைப்பில் ஏதேனும் பிளவைக் காண்கிறாயா, மீண்டும் மீண்டும் பார் என்று மனிதன் அழைக்கப்படுகிறான். 'ஃபுதூர்' என்பது அங்கே ஆளப்படும் சொல். வெடிப்பு, பிளவு என்று பொருள். தேடிய பார்வை ஒன்றும் காணாமல் களைத்துத் திரும்பும். பிளவற்ற வேலைப்பாடு அவனுக்கே உரியது. நம் கைவேலை எதைப் பார்த்தாலும் பார்வை வெறுங்கையோடு திரும்பாது. எங்கோ ஓரிடத்தில் நகம் நுழையும். அதற்காக நாம் நாண வேண்டியதில்லை. நுழையும் இடத்தைக் கைவைத்துக் காட்டிவிட்டால் போதும்.

தொழுகை வரிசையில் இடைவெளி விடாதீர்கள் என்று தினமும் ஐந்து வேளை கேட்கிறோம். தோளோடு தோள் சேர்த்து நின்று அந்த இடைவெளியை அடைத்துவிடுகிறோம். ஸலாம் கொடுத்துக் கடைக்குத் திரும்பியபின், வாங்க வந்தவருக்கும் நமக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி விடுகிறோம் என்பதை அவரவர் நகத்தை வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

மாணவரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. நல்ல பதிலாக வர துஆச் செய்கிறோம்.